இழுப்பறையின் நீளம்

பாலைவனப் பாதையில் முதல் பயணம் போய்விட்டு ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் ஊருக்குத் திரும்பியதும், வாரிக் தன் டிரக்கின் பின்புறம் தானே கட்டியிருந்த படுக்கைக் கூண்டைத் திறந்தான். கட்டில், அடுப்பு எல்லாவற்றிலும் செம்புழுதி அப்பியிருந்தது. கட்டிலுக்கு அடியில் இருந்த காலி இழுப்பறையிலும் புழுதிதான். நடுவில் மட்டும், முழங்காலை மடக்கி ஒருவர் ஒருக்களித்துப் படுத்த வடிவில், பலகை சுத்தமாக இருந்தது.

"யாரை இதுல படுக்க வச்சுக் கூட்டிட்டு வந்தே?" என்றாள் அவன் மனைவி மெரிடித்.

"மேல எனக்கே கால் நீட்ட இடமில்ல. இதுல இன்னொரு ஆளா? நீதான் போர்வை எதையாவது வச்சிருப்பே."

"உன் போர்வைக்கு முழங்கால் இருக்குமா?"

அவன் புழுதி நுழையாதபடி கூண்டின் கதவிடுக்குகளில் ரப்பர் பட்டை ஒட்டினான். குளிர்பெட்டியை இடம் மாற்றி, கட்டிலையும் இழுப்பறையையும் ஒரு முழம் நீட்டினான். மெரிடித்துக்கு மனசு ஆறவில்லை. அவன் அடுத்த பயணம் கிளம்பும்முன் இழுப்பறையைக் காலியாகவே பூட்டி, சாவியைக் கழுத்துச் சங்கிலியில் மாட்டிக்கொண்டாள்.

அவன் வீடு திரும்பியதும் அவளே திறந்தாள். ரப்பர் நன்றாக வேலை செய்திருந்தது. கட்டிலிலும் அடுப்பிலும் பொட்டுத் தூசி இல்லை. இழுப்பறையில் மட்டும், ஆள் படுத்த வடிவில் செம்புழுதி படிந்திருந்தது.

இந்த முறை முழங்கால் மடங்கியிருக்கவில்லை. கால்கள் சௌகரியமாக நீட்டியிருந்தன.