துண்டு மறைவில்

மனித ஈரலில் ஒரு துணுக்குக்கு டாக்டர் குமரகுருபரன் சொன்ன விலை: சும்மா. அந்தச் சும்மாவில்தான் செல்லக்கிளிக்குச் சந்தேகம் பிறந்தது.

தொண்ணூற்று நான்காம் வருடம். கிட்னி வியாபாரம் பற்றிப் பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டிருந்தன. அவள் புருஷன் சுடலையாண்டியோ மேலப்பாளையம் சந்தையில் பேர் பெற்ற மாட்டுத் தரகர். அவரோடு குடித்தனம் நடத்தியவளுக்கு, விலை பேசாமல் கைமாறும் பொருள் என்று ஒன்று உலகத்தில் கிடையாது.

“எம்புருசன் ஈரலைக் கொண்டுபோயி என்ன செய்யப் போறிய?” என்று ஆஸ்பத்திரி நடையில் டாக்டரை மறித்தாள்.

“நாளைக்கு ஊசி வச்சுப் பரிசோதனைக்கு எடுக்கையில, கடுகளவு கூடுதலா எடுப்போம்க்கா. ஆராய்ச்சிக்கு.”

“அதனால அவரு புத்துநோயி கொணமாயிருமா?”

“இல்ல. பின்னால வாறவங்களுக்கு உதவலாம். அவரு சம்மதிச்சாத்தான் எடுப்பேன்.”

“கேட்டுக்கிடுங்க. ஆனா புத்துன்னோ, எம்புட்டு நாளுன்னோ உங்க வாயால சொல்லப்படாது. வெறும் கட்டின்னு சொல்லி வச்சிருக்கேன். தெரிஞ்சா அன்னைக்கே ஒடுங்கிப் போவாரு.”

டாக்டர் சற்று யோசித்து, “என் வாயால சொல்லமாட்டேன்” என்றார்.

அப்படியும் அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. பின்னாலேயே போய் வார்டு வாசலில் நின்றுகொண்டாள்.

“அண்ணாச்சி, உடம்புல ஒவ்வொரு சாமானும் செய்ய ஒரு சீட்டு போகும். ஆர்.என்.ஏ.ன்னு பேரு” என்று கட்டில் ஓரம் உட்கார்ந்து டாக்டர் ஆரம்பித்தார். “அதுல ஒரு வகைச் சீட்டுக்குச் சாமானே கிடையாது. வயித்துல இருக்க பிள்ளையோட ஈரல்ல அது நெறய இருக்கும். பொறந்தபெறகு அடங்கிரும். இந்த மாதிரிக் கட்டி சிலதுல மறுபடியும் தலைகாட்டுது. எதுக்குன்னு பார்க்கணும்.”

சுடலையாண்டி சிரித்தார். “சரக்கே இல்லாம நடுவுல புகுந்து வேலை பார்க்குதாக்கும். அப்ப அது தரகன்லா. எங்கிட்டயும் ஒரு கன்னுக்குட்டி கிடையாது. ஆனா சந்தையில வெலை ஏறுறதும் எறங்குறதும் என் கையிலதான்.”

“எங்க சந்தேகமும் அதுதான்.”

“சரி, தாரேன். ஆனா சும்மா தரமாட்டேன்.” தோளில் கிடந்த துண்டை எடுத்து வலது கைமேல் விரித்தார். “உங்க அப்பாகூட உழவுமாடு பிடிக்க வருவியளே, துண்டுப் பேச்சு மறக்கலையே? நான் கேக்குதது என்னன்னு உங்களுக்குத் தெரியும்.”

சந்தையில் விலையை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. துண்டு மறைவில் கையைக் கொடுத்தால், பிடிக்கிற விரல்தான் கணக்கு.

டாக்டர் வாசலைப் பார்த்தார். செல்லக்கிளி முறைத்தாள். நெற்றியைத் துடைத்துக்கொண்டு, மெதுவாகத் துண்டுக்குள் கையை விட்டார்.

முதல் பிடிக்கு மசிந்தவர் இல்லை சுடலையாண்டி. உதறுவார், மறுபடி பிடிப்பார், எழுந்து போவதுபோல் போக்குக் காட்டுவார். இன்றைக்கு ஒரே பிடி. “முடிஞ்சுது” என்று துண்டை இழுத்துக்கொண்டார். சம்மதத் தாளில் கையெழுத்தும் போட்டார்.

பேரமே பேசாமல் விட்டார் என்றால் கொள்ளை விலையாகத்தான் இருக்கவேண்டும். டாக்டர் தலை மறைந்ததும் செல்லக்கிளி கட்டிலருகே வந்தாள்.

“எத்தனை வெரலைப் பிடிச்சாரு?”

“மூணு.”

“மூவாயிரமா, மூணு லச்சமா? இத்தனை வருசம் கூட இருந்தவகிட்டயே மறைக்குதியளே.”

சுடலையாண்டி துண்டை உதறித் தோளில் போட்டார்.

“மூணு மாசம், பிள்ள.”