தவறிப் போய்ப் பார்த்த படம்

மகள் இன்னும் போன் செய்யவில்லை. ஆனால் மெக்கானிக்குக்கு இப்போதே சிரிப்பு வந்துகொண்டிருந்தது.

நேற்று மதியத்திலிருந்து அடக்கி வைத்திருக்கும் சிரிப்பு. பக்கத்து வீட்டுக்காரரிடம்கூட மூச்சு விடவில்லை. முன்னாலேயே யாரிடமாவது சொல்லிவிட்டால் ருசி போய்விடும்.

விஷயம் இதுதான். வியாழக்கிழமை மகள் ஒரு படத்தின் பெயரை அனுப்புவாள். சனிக்கிழமை அவர் இங்கே பார்ப்பார், அவள் தன் ஊரில் பார்ப்பாள். ஞாயிறு காலை பத்து மணிக்கு இரண்டு பேரும் போனில் அந்தப் படத்தைப் பிய்த்து உதறுவார்கள். மனைவி இறந்த பிறகு மகளே செய்த ஏற்பாடு. மூன்று வருஷமாக நடக்கிறது.

நேற்றும் அவர் டிக்கெட் வாங்கியது அவள் சொன்ன படத்துக்குத்தான். மூன்றாம் அரங்கு என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. பாத்ரூம் போய்விட்டு அவசரமாக வந்தவர் நாலாம் அரங்குக்குள் நுழைந்துவிட்டார். நல்ல இருட்டு. படத்தின் பெயரெல்லாம் போட்டு முடித்திருந்தார்கள். காலியாகக் கிடந்த வரிசையில் உட்கார்ந்து இரண்டரை மணி நேரம் ரசித்துப் பார்த்தார். வெளியே வந்து போஸ்டரைப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அது வேறு படம்.

முப்பத்தெட்டு வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்த மனிதர். ஒருநாளும் மாடி மாறி இறங்கியதில்லை. ரிட்டயர் ஆன பிறகு கதவு மாறி நுழைந்திருக்கிறார். மகள் கேட்டால் விழுந்து விழுந்து சிரிப்பாள். ஒரு மாதத்துக்குச் சொல்லிக் காட்டுவாள். அந்த ஒரு மாதத்தை நினைத்துத்தான் அவருக்கு அவ்வளவு சந்தோஷம்.

எடுத்த எடுப்பிலேயே உடைத்துவிடக் கூடாது என்று முடிவு செய்திருந்தார். ஒன்றும் தெரியாதவர் போல நாலாம் அரங்குக் கதையை எடுத்துவிட வேண்டியது. இரண்டாவது வாக்கியத்திலேயே பிடித்துவிடுவாள். சின்ன வயதிலிருந்தே அவள் அப்படித்தான். தியேட்டரிலிருந்து வீடு வரும் வழியெல்லாம் அவரோடு மல்லுக்கு நிற்பாள். அவர் நல்ல படம் என்றால் அவளுக்கு அது குப்பை. மனைவியோ, இந்த இரண்டு பேரும் யாரோ எவரோ என்பது போலப் பத்தடி முன்னால் நடப்பாள்.

பத்தேகாலுக்குப் போன் வந்தது. படம் எப்படிப்பா என்று கேட்டாள். பின்னால் கீபோர்டு தட்டும் சத்தம்.

மெக்கானிக் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். தகப்பன் செத்த சேதியை யாரிடமும் சொல்லாமல் அந்த லாரி டிரைவர் நாள் முழுக்க வண்டி ஓட்டுகிறானே, அந்தக் காட்சி ஒன்று போதும் என்றார். சொல்லிவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார். அவள் சொன்ன படத்தில் லாரியும் கிடையாது, டிரைவரும் கிடையாது. அது ஒரு பள்ளிக்கூட டீச்சர் திருடனைக் கண்டுபிடிக்கும் கதை.

"ஆமாம்ப்பா. எனக்கும் அங்க கண்ணு கலங்கிடுச்சு" என்றாள் மகள்.

கள்ளி, கண்டுபிடித்துவிட்டு என்னையே ஆழம் பார்க்கிறாள் என்று நினைத்தார். சரி, யார் முதலில் சிரிக்கிறார்கள் பார்ப்போம் என்று எந்தப் படத்திலும் இல்லாத ஒன்றை அவிழ்த்துவிட்டார். லாரி மலை ஏறும்போது எதிரே ஒரு கப்பல் வருகிறதே, அதை எப்படி எடுத்திருப்பார்கள்?

எல்லாம் கிராஃபிக்ஸ்தான்ப்பா, ஆனால் பிரமாதம் என்றாள். கீபோர்டு ஓயவில்லை.

அவரும் விடவில்லை. கதாநாயகியைப் பதினேழாவது மாடியில் லிஃப்டுக்குள் மாட்டிவைத்து, உள்ளேயே ஒரு பாட்டும் பாட வைத்தார். பாட்டு நன்றாக இருந்தது என்றாள். வில்லனை இரண்டு தடவை சாகடித்தார். வில்லன் நடிப்பு அருமை என்றாள்.

விளையாடுகிறவளாக இருந்தால் இந்நேரம் சிரிப்பு வெடித்திருக்கும். போன வாரத்துப் படம், அதற்கு முந்தின வாரத்துப் படம் என்று மனதுக்குள் பின்னோக்கிப் போய்ப் பார்த்தார். எல்லாவற்றுக்கும் ஆமாம்ப்பாதான். அவள் கடைசியாக எப்போது சண்டை பிடித்தாள் என்று அவருக்கு ஞாபகமே வரவில்லை. இத்தனை நாளும் அந்தப் படங்களை அவர் தனியாகத்தான் பார்த்திருக்கிறார்.

கோபப்படவும் முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் வேலை பார்க்கிறவளுக்குத் தியேட்டருக்குப் போக நேரம் ஏது? கேட்டுவிட்டால் பொய் அதோடு போய்விடும். பொய்யோடு சேர்ந்து இந்தப் போனும் நின்றுவிட்டால் என்ன செய்வது என்று பயமாக இருந்தது.

அதனால் அவர் இன்னொரு காட்சியைச் சொன்னார். படத்தில் ஒரு கிழவன் வருகிறான். வாரம் முழுக்க அவனுக்கு வாய் திறந்து பேச ஆள் கிடையாது. சனிக்கிழமை ஒரு படம் பார்த்துவிட்டு, மறுநாள் மகளிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் தெருவில் தனக்குத்தானே பேசிப் பார்த்துக்கொண்டே வீட்டுக்கு வருகிறான். ஞாயிறு காலை ஏழு மணிக்கே ஷேவ் செய்து, குளித்து, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போனுக்கு முன்னால் உட்கார்ந்துவிடுகிறான். முகம்கூடத் தெரியாத போன். அதற்குப் போய்ச் சட்டை மாற்றுகிறான், பைத்தியக்காரன்.

கீபோர்டு சத்தம் நின்றது.

மெக்கானிக் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"அந்த ஒரு சீன் மட்டும் நம்பற மாதிரியே இல்லப்பா" என்றாள் மகள். "எந்தப் பொண்ணுப்பா பெத்தவரை அப்படி விட்டு வைப்பா?"

அவள் மறுத்துப் பேச வேண்டும் என்றுதான் இவ்வளவு நேரமும் காத்திருந்தார். மறுத்துவிட்டாள்.

"ஆமாம்மா" என்றார். "அங்க மட்டும் டைரக்டர் கோட்டை விட்டுட்டாரு."