எத்தனை அவுட்?

"வெண்டலின் பதினாலு வருடச் சாதனைகள்" என்று மைதானத்துப் பெரிய திரையில் எழுத்து வந்ததும், டார்லா மடியிலிருந்த மகளைத் தூக்கி நிறுத்தினாள்.

"பாருடி குட்டி, அப்பா!"

திரையில் அப்பா ஓடிவந்தார். எல்லைச் சுவர் ஓரமாகப் பந்தைப் பிடித்தார். சிரித்துக்கொண்டே அதை ரசிகர்கள் பக்கம் வீசினார்.

அடுத்து வேறு ஊர், வேறு சட்டை. அதே வீச்சு.

மூன்றாவதும் அதேதான். கீழே ஒரு வரி: "ரெண்டு பேர்தான் அவுட், வெண்டல்!"

கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

பேஸ்பாலில் மூன்று பேர் அவுட்டான பிறகு பந்தை ரசிகர்களுக்கு வீசலாம். ரெண்டு பேரிலேயே வீசிவிட்டால் எதிரணி ஹாயாக நடந்தே ரன் எடுத்துவிடும்.

நேற்று எஃப்ரென் அப்படித்தான் வீசினான். வெண்டலின் அணிக்கு வந்து நாலே நாள். ஆட்டம் போச்சு. இன்று காலையிலிருந்து ஊரே அவனைப் பார்த்து ரெண்டு விரலைக் காட்டி, "எத்தனை அவுட்டு, எஃப்ரென்?" என்று கூவுகிறது. பயிற்சியில் வரிசையாக நாலு பந்தைக் கோட்டை விட்டான்.

"ஆட்டத்துலயும் இப்படிக் கோட்டை விட்டா மூட்டையைக் கட்டிக்கோ" என்று மேனேஜர் சொல்லிவிட்டார்.

அவன் மனைவி யாடிரா டார்லாவுக்குப் பக்கத்தில்தான், கறுப்புக் கண்ணாடிக்குள்ளே அழுதுகொண்டிருந்தாள்.

"கொஞ்சம் பிடி" என்று குழந்தையை அவளிடம் திணித்துவிட்டு, டார்லா திரை இயக்கும் அறைக்கு மாடிப்படி ஏறினாள்.

உள்ளே கிம்பர்லி சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, இன்னைக்கு அவருக்குக் கடைசி ஆட்டம். போட்டுக் காட்ட இதுதான் கிடைச்சுதா? பெரிய லீக்குக்கே கூப்பிட்டுப் பதினோரு நாள் ஆடினாரே, அது எங்கே? சுவத்துல மோதி பல்லு போயும் பந்தை விடலையே, அது எங்கே? அந்தப் பல்லை நான் இன்னும் டப்பாவுல வச்சிருக்கேன்!"

"எல்லாம் சேர்த்துதான் வச்சிருந்தேன். காலையில வெண்டலே வந்து அதையெல்லாம் எடுத்துடச் சொல்லிட்டார்."

"அவருக்கு மூளை கழண்டு போச்சா?"

அதற்குள் ஒலிபெருக்கி, "அடுத்து மட்டை பிடிக்க வருவது, எஃப்ரென்!" என்றது.

டார்லா கண்ணாடி ஜன்னலில் மூக்கை ஒட்டிக்கொண்டாள். கீழே ரெண்டு விரல்கள் உயரத் தொடங்கின. எஃப்ரென் தலையைக் குனிந்தபடி வந்து நின்றான்.

சட்டையெல்லாம் கடுகு சாஸ் வழிந்த ஒரு குண்டு மனிதர் எழுந்து நின்றார்.

"கவலைப்படாத எஃப்ரென்! வெண்டலை எட்டிப் பிடிக்க இன்னும் ரெண்டு வீசணும் நீ!"

கொல்லென்று சிரிப்பு. வெண்டல் வீரர்கள் உட்காரும் இடத்திலிருந்து குதித்து வெளியே வந்து, மூன்று விரலைக் காட்டி, மகாராஜா மாதிரி குனிந்து வணங்கினார். விசில் பறந்தது. எஃப்ரெனே சிரித்துவிட்டான்.

முதல் பந்து. டமால்! ஆளில்லாத இடத்தில் போய் விழுந்தது. எஃப்ரென் தொப்பி பறக்க ஓடினான். யாடிரா கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிக் குழந்தைக்கு மாட்டிவிட்டு, குட்டியைத் தலைக்கு மேலே தூக்கி ஆடினாள்.

டார்லாவுக்கும் சிரிப்பு தாங்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அது சரி, இந்தக் கூத்தை மூணு தடவை அடிச்சிருக்கார், என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே மனுஷன்! இன்னைக்கு வீட்டுக்கு வரட்டும்."

கிம்பர்லி விதைத் தோலைக் கோப்பையில் துப்பினாள்.

"நீங்களுமா நம்பிட்டீங்க? அந்த மூணுலயும் மூணு பேர் அவுட்தான், டார்லா. படத்துல ஸ்கோர் போர்டை மட்டும் வெட்டிட்டு, கீழே அந்த வரியைப் போடச் சொன்னார்."