வழி தவறி வந்த கிருமி

"சார், இதைக் கொஞ்சம் வந்து பாருங்களேன்!"

ஒரகடத்தில் இருந்த அந்தத் தனியார் மருத்துவமனையின் லேபில் வேலை பார்க்கும் மதிவதனி, வாசலில் நின்று கூப்பிட்டாள். டாக்டர் ரகுபதி எழுந்து போனார்.

விளக்கடியில் ஒரு சின்ன கண்ணாடித் தட்டு. அதில் கிருமி வளர்ப்பதற்கான, ரத்தம் கலந்த சிவப்புக் கூழ். நேற்று வெறுமையாக இருந்த அதன்மேல், இன்று பனி இறங்கியதைப்போலப் பொடிப்பொடியாகச் சாம்பல் நிறப் புள்ளிகள்.

"எவ்ளோ அழகா இருக்கு பாருங்க சார்! ஸ்ட்ரெப்டோகாக்கஸ்தான். ஆனா தொண்டை வலிக்கு வருமே, அது இல்ல. மெஷின் வேற ஏதோ பேர் சொல்லுது."

டாக்டர் திரையில் அந்தப் பெயரைப் படித்தார். இன்னொரு முறையும் படித்தார்.

"இருபத்தஞ்சு வருஷத்துல இந்த வகையை நான் மூணே தடவைதாம்மா பார்த்திருக்கேன். யாரோட ரத்தம்? நம்பர் மட்டும்தானே போட்டிருக்கு? கம்பெனி ஹாஸ்டல் பையன் யாராவதா?"

"இல்ல சார். படப்பைல ஒரு லேடி. நாப்பத்திரெண்டு வயசு. ரெண்டு வாரமா காய்ச்சல். மாத்திரை போட்டுக்கினே ஷிப்ட் பாத்துக்கினு இருக்காங்க."

"லீவு போடறதுக்கு என்ன?"

"மாத்திவிட ஆள் இல்ல சார்."

டாக்டர் தட்டை எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார்.

"இது குடல்ல சும்மா குடியிருக்கிற கிருமி. வழி தவறி ரத்தத்துக்கு வந்திருக்குன்னா, குடல்ல ஏதோ கோளாறுன்னு சந்தேகப்படணும். பல பேருக்கு உள்ள ஒரு கட்டி இருக்கும். புற்றாக்கூட இருக்கலாம். வலிக்காது, வெளிய ஒண்ணும் தெரியாது. இது மட்டும் வந்து காட்டிக்கொடுக்கும்."

மதிவதனி தட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இத்துனூண்டு கிருமியா சார் அதெல்லாம் சொல்லுது?"

"அதாம்மா எனக்கும் ஆச்சரியம்! ரெண்டு வருஷம் கழிச்சு, முத்திப்போன பிறகு தெரியவேண்டியது இன்னிக்கே தெரிஞ்சிருக்கு. கட்டியே இருந்தாலும் இப்பவே எடுத்துடலாம். அந்தம்மாவை உடனே அட்மிட் பண்ணணும். கூப்பிடு."

"பயந்துடுவாங்க சார்."

"அதனாலதான் பக்குவமா சொல்லணும். எடுத்த எடுப்புல புற்றுநோய்னு ஆரம்பிக்கக் கூடாது. நல்ல நேரத்துல தெரிஞ்சுதுன்னு சொல்லணும். நீ விடு, நானே சொல்றேன்."

மதிவதனி வெள்ளைக் கோட்டின் கையை மெல்ல மேலே சுருட்டினாள். முழங்கை மடிப்பில், முந்தாநாள் ரத்தம் எடுக்க ஊசி குத்திய இடம் நீலமாகக் கன்றியிருந்தது.

"சொல்லிட்டீங்க சார்" என்றாள்.