மூட்டை மேல் ஒரு மேடை

திண்டிவனம் கூட்ஸ் ஷெட்டில் சாயங்கால வெயில் சாய்ந்து விழுகிறது. கோதுமை இறக்கிய வேகனில் இப்போது மல்லாட்டை மூட்டைகள் ஏறிக்கொண்டிருக்கின்றன. பட்டணத்திலிருந்து வந்திருக்கும் கட்சிப் பேச்சாளர், அடுக்கி வைத்த மூட்டைகளையே மேடையாக்கி, செருப்புக் காலோடு மேலே நிற்கிறார். "மழை பொய்த்த வருஷத்தில் உங்களுக்குக் கோதுமை அனுப்பியது யார்? டில்லி! டில்லியின் தயவில்தான் இந்த ஜில்லாவே சாப்பிடுகிறது!" மெகாபோன் கரகரக்கிறது. மூட்டையை இங்கே யாரும் மிதிப்பதில்லை. சுமை தூக்குகிறவர்கள்கூடச் சுற்றிக்கொண்டுதான் போவார்கள். சிதறிய நிலக்கடலைக் காய்களைக் கூட்டிக்கொண்டிருக்கும் லூர்துமேரி, துடைப்பத்தை நிறுத்தி அந்தச் செருப்பையே பார்க்கிறாள். "எங்க மல்லாட்டை கப்பலேறிப் போய்க்கினே இருக்குதே, அந்தத் துட்டு எந்த ஊருக்குப் போவுதுங்க?" என்று உரக்கக் கேட்கிறாள். அவர் காதில் விழாதவர்போல் குரலை உயர்த்துகிறார். அவள் புருஷன் தேவசகாயம் தலைத்துண்டை இறுக்கிக் கட்டுகிறான். மேடையின் ஓரத்து மூட்டையில் கொக்கியை மாட்டி இழுத்து, முதுகில் ஏற்றிக்கொண்டு வேகனுக்கு நடக்கிறான். அவன் பின்னால் இன்னொருவன் வருகிறான், அப்புறம் இன்னொருவன். பேச்சு நிற்கவில்லை, பேசுகிறவர்தான் ஒவ்வொரு மூட்டையாக இறங்கிக்கொண்டே வருகிறார். கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரிக்கிறார்கள். கடைசியில் ஒரே ஒரு மூட்டை, அதன் மேல் இரண்டு செருப்பு. தேவசகாயம் கொக்கியோடு குனிகிறான். நிமிர்ந்து பார்க்காமலே சொல்கிறான்: "கால எடுங்க சார். டில்லி துன்ற சோத்து மேல நிக்கிறீங்க."