கீச்சுக்குரல்

சின்ன காருக்குப் பெரிய வெளிநாட்டுக் காரின் ஃபைபர் உடம்பை மாட்டிவிட்டார்கள். அன்றிலிருந்து அது ஹாரன் அடிப்பதே இல்லை. பழைய கீச்சுக்குரல் காட்டிக்கொடுத்துவிடுமே.

ஒருநாள் பெல்ட் அறுந்து ஒர்க்‌ஷாப்புக்கு வந்தது. பக்கத்திலேயே அதே முகத்தோடு அசல் கார் நின்றது.

மெக்கானிக் சின்ன காரின் மூடியைத் திறந்தார். "அட, நம்ம பழைய எஞ்சின்தானா. பெல்ட் எதிர்க்கடையிலேயே கிடைக்கும்" என்று கிளம்பினார்.

"அண்ணே, வெளியே சொல்லிடாதீங்க" என்று அசல் காரிடம் முனகியது சின்ன கார்.

அசல் கார் பெருமூச்சு விட்டது. "கொடுத்துவச்சவன்டா நீ. என் பெல்ட் கப்பல்ல வரணுமாம். நாலு மாசமா இங்கேயே கிடக்கேன்."

சின்ன காருக்கு அப்பாடா என்றிருந்தது. அரை மணி நேரத்தில் கிளம்பிவிட்டது. கேட் அருகே எருமை ஒன்று வழியை மறித்துப் படுத்திருந்தது. சின்ன கார் கொஞ்சமும் யோசிக்காமல், கீச்சென்று நீளமாக ஹாரன் அடித்தது.