ஒன்பதாவது பொன்னாடை

மானியம் வழங்கும் மேடையில் அமைச்சர்கள் அறிவிப்புச் சட்டைதான் போட வேண்டும் என்பது சட்டம். அவர்களுக்குப் பங்குள்ள கம்பெனிகளின் பெயரெல்லாம் அந்தச் சட்டையின் மார்பில் தானாக எழும்பும். அன்றைக்கு மானியம் வாங்குகிற கம்பெனியும் அதில் இருந்தால், அந்தப் பெயர் மட்டும் செக்கச்செவேலென்று சிவக்கும். பொன்னாடையைப் பற்றித்தான் சட்டத்தில் ஒரு வரியும் இல்லை.

ஆகவே அமைச்சர் கடற்கரை மேடையில் ஏறும் முன்பே அவர் மேல் எட்டுப் பொன்னாடைகள் விழுந்துவிட்டன. ஒன்பதாவதைப் போர்த்த, மீன்காரப் பெண்கள் சங்கத் தலைவி ரெஜினாளை மைக்கில் அழைத்தார்கள். ஐஸ் ஃபாக்டரிக்கு மானியம் கேட்டு மூன்று வருடம் அலைந்தது அவள் சங்கம். கிடைத்ததோ, கடலையே பார்க்காத ஏதோ ஒரு கம்பெனிக்கு. நன்றி சொல்ல மட்டும் சங்கம் வேண்டியிருந்தது.

கையில் கொடுத்த பொன்னாடையை ரெஜினாள் பிரிக்கவே இல்லை. "ஐயாவுக்கு இப்படி வேர்த்து ஊத்துதே, ஒருத்தரும் பாக்கலியா?" என்றபடி அமைச்சரின் கழுத்திலிருந்து ஒவ்வொன்றாக உருவத் தொடங்கினாள்.

"என்னம்மா பண்றீங்க? விடுங்க!" அமைச்சர் பல்லைக் கடித்துக்கொண்டே சிரித்தார். கேமராக்கள் ஓடிக்கொண்டிருந்தன.

எட்டாவதும் கழன்று வந்தது. அவர் மார்பில் சிவந்து கிடந்த பெயரைக் கூட்டம் உரக்க வாசித்தது. அதே கம்பெனிதான்.

பொன்னாடைகளை மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவள் படியிறங்கினாள்.

"ஏம்மா, அத வச்சிட்டுப் போங்க!" என்று கத்தினார் உதவியாளர்.

"ஐஸத்தான் நீங்களே எடுத்துக்கிட்டீங்க," திரும்பாமலே சொன்னாள் ரெஜினாள். "மீன மூட இதாவது எங்களுக்கு இருக்கட்டும்."